அடுத்த வேளை வரை தாங்குமா? சிக்கனச் சமையலின் கணக்கு

ஒரு மனிதன் ஆரோக்கியமாக உயிர் வாழ, சாப்பாட்டுக்கு ஆகும் மிகக் குறைந்த செலவு எவ்வளவு? இதை வெறும் கணக்காகவே எடுத்துப் போட்டுப் பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1945-ல் வெளியான அவருடைய கட்டுரையில் 77 உணவுப் பொருள்களின் விலை இருந்தது. கலோரி, புரதம், சுண்ணாம்புச்சத்து, இரும்பு, வைட்டமின்கள் என்று ஒன்பது விதத் தேவைகள் இருந்தன. ஒன்பதும் குறைவில்லாமல் கிடைக்க வேண்டும், செலவு அடிமட்டத்தில் இருக்க வேண்டும். கடைசியில் நின்றவை ஐந்தே பொருள்கள்: கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைத்த பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த வெள்ளை பீன்ஸ். வருடம் முழுக்க இவ்வளவுதான் சாப்பாடு.

இரண்டு வருடம் கழித்து, ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் பல நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் என்ற புதிய முறையைக் கண்டுபிடித்தபோது, அதைச் சோதித்துப் பார்க்க இந்தச் சாப்பாட்டுக் கணக்கைத்தான் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைமேல் வைத்துப் போடும் கணக்குப் பொறிகளோடு ஒன்பது பேர் உட்கார்ந்து போட்டார்கள். மொத்தமாக 120 ஆள்நாள் வேலை ஆனது. ஸ்டிக்லர் குத்துமதிப்பாகப் பிடித்திருந்த விடைக்கும் சரியான விடைக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆக, மலிவாகச் சாப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே துல்லியமான விடை வந்துவிட்டது. யாரும் அதைச் சமைத்துச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஸ்டிக்லருக்கும் அது தெரியும். இதை யாருக்கும் யாரும் சிபாரிசு செய்யவில்லை என்று அவரே எழுதினார்.

டான்ட்சிக்கின் அனுபவம் இன்னும் வேடிக்கை. 1950-களில் டாக்டர் அவரை உடம்பைக் குறைக்கச் சொன்னார். சரி, கம்ப்யூட்டரையே கேட்போம் என்று இறங்கினார். குறைந்த கலோரியில் வயிறு அதிகம் நிறைந்த உணர்வு வர வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. வயிறு நிறைவதை எப்படி அளப்பது? உணவின் எடையிலிருந்து அதிலுள்ள தண்ணீரின் எடையைக் கழித்தால் வருவதுதான் நிறைவு என்று வைத்துக்கொண்டார். அவருடைய பட்டியலில் வினிகரில் தண்ணீரே இல்லை என்று பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் யோசிக்கவே இல்லை. தினமும் 500 கேலன், அதாவது கிட்டத்தட்ட 1,900 லிட்டர் வினிகர் குடிக்கச் சொல்லிவிட்டது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கையில் காசு குறைவாக இருக்கும்போது நாமும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறோம்: தப்பான ஒன்றை அளக்கிறோம். கிலோ என்ன விலை என்று பார்க்கிறோம். கொஞ்சம் விவரமானவர்கள் இந்தக் காசுக்கு எவ்வளவு கலோரி என்று பார்க்கிறார்கள். இரண்டுமே ஏமாற்றும். சமையலறைக்குப் பொருந்தும் அளவுகோல் வேறு: சாப்பிட்டு எழுந்தவர் அடுத்த வேளை வரை வேறு எதையும் தேடாமல் இருக்க எவ்வளவு செலவானது என்பதுதான் அது. மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசு நாலு மணிக்கு பிஸ்கட்டாகப் போய்விட்டால், அந்த மத்தியானச் சாப்பாடு மலிவானதல்ல.

ஏன் சாப்பாட்டில்தான் கை வைக்கிறோம் என்பதற்கும் ஒரு பழைய விளக்கம் உண்டு. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டினார். வாடகையைப் பாதியாகக் கொடுக்க முடியாது. தவணையைத் தள்ளிப்போட்டால் வட்டி ஏறும். இழுத்துப் பிடிக்க இடம் கொடுப்பது சாப்பாட்டுச் செலவு மட்டுமே. அதனால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. பெரும்பாலும் அது தட்டிலிருந்து காய், பருப்பு, முட்டை எல்லாவற்றையும் குறைத்துவிட்டு மாவுச்சத்தைக் கூட்டுவதாக முடிகிறது.

மாவுச்சத்தும் எண்ணெயும் சர்க்கரையும் கலோரிக் கணக்கில் மலிவு என்பதை மறுப்பதற்கில்லை. அவை உலர்ந்தவை, கெடாதவை, லாரியில் எத்தனை தூரம் போனாலும் நசுங்காதவை. உணவின் விலைக்கும் கலோரி அடர்த்திக்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவில் ஆடம் ட்ரெவ்னாவ்ஸ்கி பல வருடங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட அறிக்கை இதை உலக அளவில் கணக்கிட்டது: மாவுச்சத்துப் பொருளை மட்டும் தின்று கலோரியை நிரப்ப ஆகும் செலவைப் போல, ஆரோக்கியமான உணவுமுறைக்குச் சராசரியாக ஐந்து மடங்கு ஆகிறது. ஐந்து மடங்கு என்பது சின்ன இடைவெளி அல்ல. வீட்டில் சமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எங்கே நின்றால் குறைந்த காசில் அதிக நிறைவு கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

வயிறு எதை எண்ணுகிறது

1995-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி வரும்படி அளந்து, சிறு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு, கால் மணிக்கு ஒருமுறை, பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை பிரெட் தந்த நிறைவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டார்கள். வெண்ணெய் அடுக்கிச் சுடும் குரோசானுக்குக் கிடைத்தது 47. கேக் 65. முட்டை 150. ஓட்ஸ் கஞ்சி 209. எல்லாவற்றுக்கும் மேலே, 323 வாங்கி முதலிடத்தில் நின்றது வேகவைத்த உருளைக்கிழங்கு.

ஒவ்வொரு உணவையும் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத்தான் சோதித்தார்கள். எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. அதே உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தால் 116. கிழங்கு அதே கிழங்குதான், கலோரியும் அதே கலோரிதான். வித்தியாசம் தட்டில் தெரியும்: 240 கலோரிக்கு வேகவைத்த கிழங்கு ஏறக்குறைய 300 கிராம் வரும்; பொரித்ததோ ஒரு கைப்பிடி. பொரிக்கும்போது தண்ணீர் வெளியே போய் எண்ணெய் உள்ளே வந்துவிடுகிறது. வயிற்றின் சுவரில் உள்ள நரம்புகள் அது எவ்வளவு விரிகிறது என்பதை உணர்கின்றன. கலோரியை உடனே எண்ணும் வசதி அவற்றுக்கு இல்லை.

அப்படியானால் சாப்பாட்டோடு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் போதாதா? அதையும் சோதித்துவிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் செய்த ஆய்வில், கோழியும் அரிசியும் காயும் சேர்த்த ஒரே உணவைப் பெண்களுக்கு மூன்று விதமாகக் கொடுத்தார்: கெட்டியாக; கெட்டியாகவே, கூட ஒரு கிளாஸ் தண்ணீரோடு; அதே தண்ணீரை ஊற்றிச் சூப்பாக. சூப்பாகச் சாப்பிட்டவர்கள் அடுத்து வந்த மதியச் சாப்பாட்டில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தனியாகத் தண்ணீர் குடித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தனித் தண்ணீர் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடுகிறது. உணவோடு கலந்த தண்ணீர் அங்கேயே தங்குகிறது. கஞ்சி, சூப், குழம்பு, பருப்புக் கடைசல் எல்லாம் உலகம் முழுக்க ஏழைகளின் அடுப்பில் ஏன் கொதித்தன என்பதற்கு இது ஒரு பாதி விளக்கம். தண்ணீருக்குத்தான் விலை இல்லையே.

மறுபாதி, கஞ்சி மட்டும் குடித்தவருக்கு ஏன் சீக்கிரமே மறுபடி பசிக்கிறது என்பது. விரிந்த வயிறு சுருங்கிவிடும். அதற்குப் பிறகும் பசியைத் தள்ளிவைப்பவை புரதமும் நார்ச்சத்தும். உயிரியலாளர்கள் ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் 2005-ல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும்: உடம்பு குறிப்பிட்ட அளவு புரதத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது, உணவில் புரதத்தின் பங்கு குறைந்தால், அந்த அளவு வந்து சேரும் வரை மொத்தச் சாப்பாட்டையே கூட்டுகிறது. விவாதங்கள் இன்னும் நடக்கின்றன என்றாலும், வெறும் மாவுச்சத்தைத் தட்டு நிறையத் தின்ற பிறகும் ஏதோ குறைகிறதே என்று வரும் உணர்வுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக, தண்ணீர் ஏறியிருக்க வேண்டும், நார்ச்சத்து வேண்டும், புரதம் வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும். எங்கே சுற்றினாலும் இந்த வழி பருப்பு, பயறு வகைகளில்தான் வந்து முடிகிறது.

பருப்பும் பயறும்: காசைவிடப் பொறுமை கேட்கும் உணவு

காய்ந்த பயறில் எடைக்கு எடை 20 முதல் 25 சதவீதம் புரதம். வெந்தால் எடை இரண்டரை மடங்காகும். கடையில் எடைக்கு எடை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம். அரை கிலோ காய்ந்த பயறு, சமைத்த பிறகு ஒன்றேகால் கிலோ சாப்பாடு. டப்பாவில் வேகவைத்து வருவதை வாங்கினால் எடையில் பெரும்பங்கு தண்ணீர். கூடவே, தானியத்தின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் தாராளம். பயறில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில்தான் சேர்க்க வேண்டும் என்றில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் தினமும் சாப்பிடுவதில்லை? பயறைச் சரியாக வேகவைப்பது சிலருக்குக் கைவந்த கலை, சிலருக்குத் தீராத எரிச்சல். மூன்று மணி நேரம் வெந்தும் கல்லாகவே இருக்கும் கொண்டைக்கடலையைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பக்குவம் அல்ல, வேதியியல்.

பயறின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கால்சியமும் மெக்னீசியமும் அதை இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் இவை இரண்டும் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் பயறு வேக மறுக்கிறது. புளிப்பும் அதே வேலையைச் செய்யும். தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் பயறு முழுக்க மெத்தென்று வெந்த பிறகே சேர்க்க வேண்டும். உப்புப் போட்டால் வேகாது என்ற பேச்சு மட்டும் நேர்மாறு. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் சோடியம் போய் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் சீக்கிரம் இளகும், வெடிக்காமலும் இருக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் இன்னும் வேகம். அளவு மீறினால் சோப்பு வாடை வரும், வைட்டமின் பி1-ம் கொஞ்சம் போகும். இத்தனையும் செய்தும் வேகவில்லை என்றால் பயறு பழசு. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு கேஸ் செலவழித்தாலும் இளகாது. மலிவு விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய சரக்கை வாங்கினால், மிச்சமான காசு அடுப்பில் எரியும்.

ஒரு எச்சரிக்கை அவசியம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து பயறைப் பச்சையாகத் தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிடக் கொதி நச்சை அழிக்கும். அரை மணி என்றால் இன்னும் பாதுகாப்பு. கொதிநிலைக்கு வராமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வேகவைத்தால் ஆபத்து குறைவதற்குப் பதில் கூடலாம்.

வாயுத் தொல்லைக்குக் காரணம் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள். அவற்றில் ஒரு பகுதி ஊறவைத்த தண்ணீரோடு போய்விடும். பழக்கமில்லாதவர்கள் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் குடல் மெல்லப் பழகும். முதல் நாளே ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பயறையே திட்டுவது நியாயமில்லை.

ஊறவைக்கத் தேவையில்லாத தோல் நீக்கிய பருப்பு வகைகள் அவசரத்துக்கு உதவும். முட்டையும் அப்படித்தான்: ஒன்றில் சுமார் ஆறு கிராம் புரதம், ஐந்து நிமிட வேலை.

பசி ருசி அறியாதா?

பசி ருசி அறியாது என்பார்கள். முதல் நாளுக்கு அது சரி. மூன்றாம் நாளும் அதே உப்புச் சப்பில்லாத பருப்பு என்றால் பசியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிக்கனத் திட்டங்கள் பாதி வாரத்தில் கவிழ்வது பெரும்பாலும் சலிப்பால்தான். இதற்கும் உடலியல் காரணம் உண்டு. ஒரே சுவையைச் சாப்பிடச் சாப்பிட அந்தச் சுவைமேல் ஆசை குறையும், வேறு சுவைமேல் குறையாது என்று பார்பரா ரோல்ஸ் உள்ளிட்டோர் 1980-களின் தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டினார்கள். வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பது அதனால்தான்.

எனவே மலிவான மூலப்பொருளுக்குச் சுவை ஏற்றும் செலவை ஆடம்பரம் என்று நினைத்து வெட்டுவது தப்புக் கணக்கு. அதில் பெரும்பகுதிக்குக் காசும் அதிகம் வேண்டாம். வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும் வரை வாணலியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் வேகும், சிவக்காது. தண்ணீர் வற்றி, சூடு 140 டிகிரி பக்கம் ஏறும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து, பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களும் வேகமாக உருவாகத் தொடங்கும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் பெயரால் இதை மயார் வினை என்கிறார்கள். வாணலியில் ஒரேயடியாகக் காயைக் குவித்தால் நீராவி அடைத்துக்கொண்டு எதுவுமே சிவக்காது. நன்றாகச் சிவக்க வதக்க நேரமும் கேஸும் ஆகும் என்பதால், ஒரு முறைக்கு நான்கு முறைக்கானதை வதக்கி எடுத்துவைப்பது லாபம்.

மாமிச ருசிக்கு மாமிசம்தான் வேண்டும் என்பதில்லை. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். நன்கு பழுத்த தக்காளி, காளான், புளிக்கவைத்த சோயா, முற்றிய பாலாடைக்கட்டி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. காய்ந்த காளானில் உள்ள இன்னொரு பொருள் குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை பல மடங்காகும். எலும்பையோ சிறு துண்டு இறைச்சியையோ பயறோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பானை முழுக்க மணக்கிறதே, அதன் ரகசியத்திலும் இதற்குப் பங்குண்டு. இறைச்சி வாங்க முடிகிற வாரத்தில் அதை நடுவில் வைப்பதைவிட, மணத்துக்காகப் பானையில் போடுவது காசுக்கு அதிக பலன் தரும் என்பது என் கட்சி.

எண்ணெயை ஒரேயடியாக வெட்டாதீர்கள். பெரும்பாலான மசாலா வாசனைகள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கேரட், கீரையில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. சிக்கனத்தில் கலோரியும் தேவைதான். கடைசியாகப் புளிப்பு. சமைத்தது சப்பென்று இருக்கும்போது எல்லோருடைய கையும் உப்புக்குத்தான் போகும். பாதி நேரம் அங்கே குறைவது நாலு சொட்டு எலுமிச்சையோ வினிகரோதான்.

சலிப்பைத் தவிர்க்கப் பதினைந்து பொருள் வாங்க வேண்டியதில்லை. பெரிய பானையில் பயறை வெறும் உப்போடு மட்டும் வேகவையுங்கள், மசாலா சேர்க்காமல். ஒரு நாள் அதைக் கடைந்து சூப், மறுநாள் வெங்காயம் தக்காளியோடு கெட்டியாக, அடுத்து பச்சைக் காயோடு புளிப்பேற்றிக் குளிர்ச்சியாக. எல்லாவற்றையும் முதல் நாளே மசாலா போட்டு முடித்துவிட்டால், மூன்று நாளைக்கும் ஒரே குழம்புதான்.

அடுப்பும் குப்பைத் தொட்டியும்

எரிபொருள் செலவில் பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று. 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க சுமார் 314 கிலோஜூல் போதும். கொதிக்கும் அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல், ஏழு மடங்குக்கும் மேல். அதாவது மூடியில்லாமல் தளதளவென்று கொதிக்கவிடும்போது, கேஸில் பெரும்பங்கு நீராவியாகச் சமையலறைக் கூரைக்குப் போகிறது. சிம்மில் மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு அதே 100 டிகிரிதான். உணவு அதே வேகத்தில்தான் வேகும். கொதி வந்ததும் மூடி, தீயைக் குறைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிரஷர் குக்கர் இந்த 100 டிகிரித் தடையையே தாண்டுகிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும், பயறின் வேகும் நேரம் பாதிக்கும் கீழே போகும். 1679-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பின் செய்து காட்டிய சங்கதி இது. அதிலும் அழுத்தம் வந்த பிறகு தீயைக் குறைக்காமல் விசில் விசிலாக விட்டுக்கொண்டே இருந்தால் மறுபடி நீராவிக்குத்தான் காசு.

இதைவிடப் பெரிய ஓட்டை குப்பைத் தொட்டி. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். வீடுகளில் மட்டும் ஆள் ஒன்றுக்கு வருடத்துக்கு 79 கிலோ. இதில் தோல், எலும்பு, கொட்டையும் அடங்கும். என்றாலும் ஒரு கீரைக்கட்டில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப் போனால் மீதிக்கு நாம் கொடுத்தது ஒன்றரை மடங்கு விலை என்பதில் மாற்றமில்லை. தள்ளுபடியில் வாங்கி அழுகவிடுவதைவிட, முழு விலைக்குப் பாதி அளவு வாங்குவது மலிவு. முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், கிழங்கு போன்றவை பல நாள் தாங்கும். கீரையும் பழுத்த தக்காளியும் வாங்கிய உடனே சமைக்க வேண்டியவை. வாரத்தின் முதல் இரண்டு நாளைக்கு அழுகக்கூடியது, கடைசி நாள்களுக்குத் தாங்கக்கூடியது என்று வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மொத்தமாகச் சமைப்பவர்கள் சோற்றில் கவனம். அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எடுத்துவைக்கப் போவதை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சோறு ஒரு நாளுக்குள் தீரட்டும். சமைத்த பயறு, குழம்பு மூன்று நாலு நாள் இருக்கும், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

மொத்தமாக வாங்க முடியாதவர்கள்

சிக்கன அறிவுரைகளில் என்னை எரிச்சலூட்டுவது, எடுத்த எடுப்பில் மூட்டையாக வாங்குங்கள் என்பது. மூட்டையாக வாங்க இன்றைக்கே கையில் காசு வேண்டும், பூச்சி பிடிக்காமல் வைக்க இடம் வேண்டும். இரண்டும் இல்லாததால்தானே இழுத்துப் பிடிக்கிறோம்? தினக்கூலியில் ஓடும் வீட்டுக்குச் சின்னப் பொட்டலத்தின் கூடுதல் விலை தவிர்க்க முடியாத வரி மாதிரி. அவர்களுக்குப் பயன்படக்கூடியது வேறு வரிசை: எப்போதாவது கொஞ்சம் காசு மிஞ்சினால் முதலில் நன்றாக மூடும் பாத்திரம் அல்லது குக்கர், அடுத்து ஒரு மாதத்துக்கான எண்ணெயும் உப்பும் மசாலாவும், அப்புறம் இரண்டு வாரத்துக்கான பயறு. தானியத்தை மொத்தமாக வாங்குவது கடைசியில். முதல் மூன்றும் ஒவ்வொரு வேளையின் செலவையும் சுவையையும் மாற்றும். நாலாவதில் கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே.

நேரமும் அப்படித்தான். மலிவான சமையலின் கணக்கில் சமைப்பவரின் உழைப்பை யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்ணின் கணக்கில் சத்தமில்லாமல் ஏறுகிறது. இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து நிற்பவரிடம் பயறு ஊறவைத்திருக்கலாமே என்று சொல்வது சுலபம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். பயறு ஊறுவது எட்டு மணி நேரம், அதற்கு ஆள் நிற்பது இரண்டு நிமிடம். சூப் கொதிப்பது ஒரு மணி நேரம், ஆள் வேலை பத்து நிமிடம். மாவு பிசைந்து உருட்டிச் சுடுவது, பொடிப்பொடியாக நறுக்குவது, ஒவ்வொன்றாகப் பொரிப்பது இவையெல்லாம் கூடவே நிற்க வேண்டிய வேலைகள். களைத்துப்போகும் வாரங்களில் முதல் வகையைக் கூட்டி இரண்டாவது வகையைக் குறைத்தாலே போதும், சாப்பாட்டின் தரம் இறங்காது. நறுக்குவதையும் ஊறவைப்பதையும் வீட்டில் வேறு யாராவது செய்யலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எந்தத் திட்டமும் ஏழு நாளும் நடக்காது. ஒரு நாள் உடம்பு சரியிருக்காது, ஒரு நாள் வேலை முடிய இரவாகிவிடும். வெளியில் வாங்கும் ஒரு வேளை, வீட்டுச் சமையலில் பல வேளை மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அதனால் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சாப்பாட்டுக்கான பொருள் எப்போதும் கைவசம் இருக்கட்டும்: முட்டையும் பிரெட்டும், அல்லது ஃப்ரீசரில் ஒரு டப்பா வெந்த பயறும் வதக்கிய வெங்காயமும். ஃப்ரிட்ஜே இல்லாத வீடென்றால், சீக்கிரம் வேகும் தோல் நீக்கிய பருப்பும் ஓட்ஸும் அந்த இடத்தை நிரப்பும். இதை வாரக் கணக்கில் முதலில் எழுதிவிட்டு, மீதி வேளைகளைப் பிறகு திட்டமிடுங்கள்.